வேதாச்சலத்தின் மூக்கும் மருமகளின் மெட்டியும்

திருப்பதியில் என் டிபன் கடைக்கு நேர் எதிரே ஒரு இரும்பு கேட் இருக்கிறது. அதற்குள்ளே இருப்பது கழிவுநீர் பம்ப் நிலையம். சாமி பார்க்க வருகிறவர்கள் தங்கும் லாட்ஜுகளும் சத்திரங்களும் இந்தப் பக்கம் வரிசையாக இருக்கின்றன. அவர்கள் குளித்தது, துவைத்தது, மற்றது எல்லாம் குழாய் வழியாக வந்து அந்தக் காம்பவுண்டுக்குள் இருக்கும் பெரிய தரைத்தொட்டியில் விழும். அங்கிருந்து பம்ப் அதை ஊருக்கு வெளியே சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளும். இட்லிக் கடை வைக்க உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த நிலையத்தின் ஆபரேட்டர் வேதாச்சலம். விஜயபுரம் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். வேர்க்கடலை போட்டு, மழை ஏமாற்றி, சலித்துப்போய்த் திருப்பதிக்கு வந்தவர். நிலையத்தை நடத்துகிற கான்ட்ராக்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு சின்ன குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். மனைவி கிருஷ்ணம்மா, ஒரே பையன் சுரேஷ்பாபு. பையன் வளர்ந்து, பக்கத்து லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறான்.

வேதாச்சலம் நல்ல மனுஷர். குடி கிடையாது, லீவு கிடையாது. பம்ப் சத்தம் கொஞ்சம் மாறினால் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து ஓடுவார். அவருக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு, அது மூக்கு. "மீட்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஒரு தபா மூச்ச இழுத்தா தொட்டில இன்னா நடக்குதுன்னு சொல்லிடுவேன்" என்பார். முன்பு இருந்த இன்ஜினியரும் அதை நம்பி, கம்பெனி கொடுத்த கேஸ் மீட்டரை ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

இந்த மூக்குக்கு அங்கே என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். எனக்கே இது பின்னால்தான் புரிந்தது. கழிவுநீர் குழாயில் மெதுவாக ஊர்ந்து வந்தால் காற்றில்லாமல் அழுகும். அழுகினால் அழுகின முட்டை நாற்றத்தோடு ஒரு கேஸ் கிளம்பும். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்பார்கள். அது மேலே போய்த் தொட்டியின் மூடியில், ஈரமான கான்கிரீட்டில் படிந்து அமிலமாக மாறி, சிமென்ட்டை அரிக்கும். இரும்பை விடவே விடாது. ஆளை உள்ளே இறக்கினால் ஆளையும் விடாது. இதைத் தடுக்கத்தான் ஒரு பெரிய டிரம்மில் துரு நிறத்தில் ஒரு இரும்புக் கரைசல் வைத்திருக்கிறார்கள். அதைச் சின்ன பம்ப் ஒன்று சொட்டுச் சொட்டாகக் கழிவுநீரில் விடும். கேஸாக வெளியே வரவேண்டியது அந்த இரும்போடு சேர்ந்து கறுப்பாகத் தண்ணீரிலேயே தங்கிவிடும்.

எவ்வளவு சொட்டு விடுவது என்று திருப்ப ஒரு குமிழ் இருக்கிறது. அந்தக் குமிழைத்தான் வேதாச்சலம் மூக்கை வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். நாற்றம் வந்தால் கூட்டுவார், வராவிட்டால் குறைப்பார். கம்பெனிப் பொருளை வீணாக்கக்கூடாது என்கிற நல்ல எண்ணம்.

எனக்கும் அவருக்கும் நட்பும் இதனால்தான், சண்டையும் இதனால்தான். ஆரம்பத்தில் நாற்றம் அவ்வளவாக இல்லை. வருஷம் போகப் போக ஏறியது. வாடிக்கைக்காரர்கள் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இட்லியைப் பிட்டார்கள். நான் கரண்டியும் கையுமாக கேட்டுக்குப் போய் நின்று கத்துவேன். வேதாச்சலம் வெளியே வந்து, காற்றை ஆழமாக இழுத்து, யோசித்து, தலையை ஆட்டுவார்.

"எங்கய்யா நாறுது? நான் தொட்டி மேலயே நின்னுக்கினு கீறேன், ஒண்ணும் இல்லியே."

"ணா, துன்ற இட்லி தொண்டைல எறங்க மாட்டேங்குது ணா."

"உனுக்கு மூக்குல ஏதோ கோளாறு ஏழுமல. டாக்டர்கிட்ட காட்டு."

இதைக் கிண்டலாகச் சொன்னால் எனக்குக் கோபம் வந்திருக்காது. நிஜமான அக்கறையோடு சொல்வார். அப்புறம் அவரே என் கடையில் உட்கார்ந்து இரண்டு இட்லி வாங்கி, சாம்பாரைக் குளமாக ஊற்றிக்கொண்டு, "இந்தத் தெருவுல இந்த மாதிரி சாம்பார் கெடையாது" என்பார். நான் அந்த ஒரு வார்த்தையில் சண்டையை மறந்துவிடுவேன். எனக்கும் கர்வம் உண்டு.

புதிதாக வந்த இன்ஜினியர் கிரண்குமாருக்கு நாலைந்து நிலையங்கள் பொறுப்பு. சின்ன வயசு, கெட்டிக்காரர், தெலுங்குக்காரர். காலையில் போன் போடுவார். "வாசன உந்தா, வேதாச்சலம் காரு?" என்று கேட்பார். நாற்றம் இருக்கிறதா என்று அர்த்தம். "லேது சார்" என்பார் நம்மவர். அத்தோடு அன்றைய பரிசோதனை முடிந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குத்தான் பிரீத்தி மருமகளாக வந்தாள். நகரி பெண். அவளுடைய நைனா அங்கே ஒரு நூல் சாயப் பட்டறையில் மேஸ்திரி. கல்யாணத்தில் சாம்பார் நான் வைத்தது, அதனால் நன்றாக நடந்தது. மெட்டியும் கொலுசும் நல்ல கெட்டி வெள்ளி. நகரியில் அவர்களுக்குத் தெரிந்த தட்டான் செய்து கொடுத்தது.

குவார்ட்டர்ஸுக்குள் காலை வைத்த அன்றைக்கே அந்தப் பெண் கேட்டாளாம். "அத்த, இங்க பக்கத்துல சாயப் பட்டற ஏதாச்சும் கீதா?"

"திருப்பதில ஏதும்மா சாயப் பட்டற?" என்று கிருஷ்ணம்மா சிரித்திருக்கிறாள். "ஏன் கேக்குற?"

"எங்க நைனா பட்டறைல கருப்புச் சாயம் போட ஒண்ணு கலக்குவாங்க. அந்த வாசன வருது."

புதுப் பெண், ஏதோ பிறந்த வீட்டு ஞாபகம் என்று விட்டுவிட்டார்கள். அவளும் அதற்குமேல் பேசவில்லை. வந்த வீட்டை நாறுகிறது என்று எந்தப் பெண் சொல்வாள்?

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. பிரீத்தியின் மெட்டி மங்கியது. அப்புறம் மஞ்சளித்தது. அப்புறம் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்தது. கொலுசும் அப்படியே. விபூதி போட்டுத் தேய்த்தாள், பல்பொடி போட்டுத் தேய்த்தாள். வெளுக்கும், திரும்பக் கறுக்கும்.

உங்களுக்குத் தெரியும், நம் பக்கம் வெள்ளி கறுத்தால் வெள்ளியை யாரும் குறை சொல்வதில்லை. போட்டிருக்கிற உடம்பைத்தான் சொல்வார்கள். உடம்பில் சூடு, உடம்பில் கெட்ட நீர், வெளியே தெரியாத வியாதி. பெண் பார்க்கப் போகும்போதே கொலுசைக் கவனிக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். கிருஷ்ணம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய் ரத்தம் கொடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். ரத்தத்தில் தெரியாத வியாதியும் உண்டு என்று கிருஷ்ணம்மா சொன்னாள்.

கடைக்குக் காபி வாங்க வரும்போது என்னிடமே புலம்பினாள். "எனுக்கு ஒரே பையன் ஏழுமல. உள்ளுக்குள்ள இன்னா கீதோ, மறைச்சிக் குடுத்துட்டாங்களோன்னு பயமா கீது. எங்கால பாரு, எத்தினி வருசமா கறுத்திருக்கா?" என்று புடவையை லேசாகத் தூக்கிக் காட்டினாள். நிஜம்தான், அவள் மெட்டி பளிச்சென்று இருந்தது. நான் காபியை ஆற்றிக் கொடுத்தேன்.

வேதாச்சலம் இதில் வாய் திறக்கவே இல்லை. சுரேஷ்பாபு அம்மா பேசினால் செல்போனைப் பார்ப்பான், பெண்டாட்டி அழுதால் லாட்ஜில் டபுள் டியூட்டி என்பான். அந்தப் பையனை நான் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன், கன்னத்தில் இரண்டு அறை கொடுக்கவேண்டும் என்று தோன்றும்.

ஆடி பிறந்தது. புதுப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிற வழக்கப்படி, பிரீத்தியின் நைனா தட்டும் பழமுமாக வந்து அவளைக் கூட்டிப்போனார். வழியனுப்பும்போது கிருஷ்ணம்மா சம்பந்தியிடம் தன்மையாகத்தான் சொன்னாள். "அவசரம் ஒண்ணும் இல்லீங்க. ஒடம்ப நல்லா காட்டி, முழுசா கொணமானப்புறம் அனுப்புங்க. ஆவணில வரணும்னு கட்டாயம் இல்ல."

தெருவில் எல்லோருக்கும் புரிந்தது. அந்த மனுஷர் பழத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். பிரீத்தி மாமனாரைப் பார்த்தாள். வேதாச்சலம் பம்ப் சத்தம் மாறியதுபோல உள்ளே போய்விட்டார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம், நாற்றத்துக்காக ஒருநாளும் வந்ததில்லை.

ஆடி பாதி போயிருக்கும். காலை டிபன் கூட்டம் கரைகிற நேரம், பிரீத்தி தனியாக என் கடை வாசலில் வந்து இறங்கினாள். நகரி பஸ்ஸில் வந்திருக்கிறாள். ஆடியில் மாமியார் வீட்டு வாசல்படி மிதிக்கக்கூடாது, அதனால் கேட்டுக்குள் போகாமல் என் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"கடக்கார மாமா, எங்க மாமாவ கொஞ்சம் கூப்புடுங்க. அத்தைக்குத் தெரிய வேணாம்."

கூப்பிட்டேன். வேதாச்சலம் வந்து, மருமகளைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிரீத்தி காலை நீட்டிக் காட்டினாள். மெட்டி நிலா மாதிரி வெள்ளையாக இருந்தது.

"ஊருக்குப் போன அன்னிக்கி வெளக்குனது மாமா. அதுக்கப்புறம் தொடவே இல்ல. அப்படியே கீது."

"நகரி தண்ணி ஒத்துக்குது போல" என்றார் வேதாச்சலம்.

"தண்ணி இல்ல மாமா. எங்க நைனா பட்டறைக்கு நூல் காயப்போட வர்ற பொம்பளைங்க கொலுசக் கழட்டி வாசல்லயே டப்பால போட்டுட்டுத்தான் உள்ள வருவாங்க. மெட்டியக் கழட்டக்கூடாதுன்னு அதுமேல துணி சுத்திக்குவாங்க. இல்லன்னா சாயந்தரமே கறுத்துடும். அந்த வாசனதான் உங்க தொட்டில வருது. நான் வந்த அன்னிக்கே சொன்னேன்."

"எந்தொட்டில வாசன இல்லம்மா. நான் பாத்துக்கினுதான கீறேன்."

அவள் வாதாடவில்லை. குனிந்தாள். இடது காலில் இருந்த மெட்டியைக் கழற்றினாள்.

கடையில் மூன்று நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கை வாய்க்குப் போகாமல் நின்றது. புருஷன் உயிரோடு இருக்கிற பெண், கல்யாணமான புதிது, கடைவாசலில் உட்கார்ந்து மெட்டியைக் கழற்றுகிறாள். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"இது ரெண்டும் ஒரே வெள்ளி, ஒரே தட்டான் பண்ணது மாமா. ஒண்ணு எங்கால்ல இருக்கட்டும், நான் நகரிலயே இருக்கேன். இத நீங்க தொட்டிக்கிட்ட கட்டி வுடுங்க. எனக்கு ஒடம்பு சரியில்லன்னா என் மெட்டி கறுக்கும். உங்க தொட்டி சரியில்லன்னா உங்க கையில கீறது கறுக்கும். எது கறுத்தாலும் நான் ஒத்துக்கறேன்."

அவள் அழவில்லை. மெட்டியை அவர் கையில் வைத்துவிட்டு, ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்கு நடந்தாள். வேதாச்சலம் ஏன் அதை வாங்கிக்கொண்டார் தெரியுமா? மருமகள்மேல் இரக்கப்பட்டு இல்லை. தன் மூக்குமேல் இருந்த நம்பிக்கையில்தான். "பாவம், கொழந்த. கறுக்காதுன்னு அவளுக்கே தெரியட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தொட்டியின் வாய்ப்பக்கம் இரும்புக் கைப்பிடி ஒன்று உண்டு. அதில் நூலில் கட்டித் தொங்கவிட்டார்.

மறுநாள் காலையில் கடையின் பின்பக்கமாக வந்தார். "ஏழுமல, கொஞ்சம் புளி குடு" என்றார். வீட்டில் ரசத்துக்கு இல்லைபோல என்று கொடுத்தேன். வீட்டுக்குப் போகவில்லை. என் பாத்திரம் கழுவும் குழாயடியில் குந்தி, முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ தேய்தேய் என்று தேய்த்தார். எட்டிப் பார்த்தேன். அவர் விரலிடுக்கில் கருகின மிளகு மாதிரி ஒன்று இருந்தது. புளி பட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளி தெரிந்தது.

"தூறல் பட்டுடுச்சு" என்றார் என்னைப் பார்க்காமல். தூறல் எதுவும் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

துடைத்துத் திரும்பக் கொண்டுபோய்க் கட்டினார். சாயந்தரம் வடை போடுகிற நேரத்தில் வந்தார். இந்தத் தடவை புளி கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்தார். திரும்பவும் கறுப்பு.

"ஏழுமல, நெஜமா சொல்லு" என்றார். "நாறுதா?"

இந்தக் கேள்விக்கு வருஷக்கணக்காகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். கேட்டில் நின்று கத்தும்போதெல்லாம் கூர் தீட்டி வைத்த பதில்கள். அத்தனையையும் விட்டுவிட்டேன்.

"நாறுது ணா" என்றேன்.

"ரொம்பவா?"

"ரொம்ப."

அவர் எழுந்து என் சமையல் அலமாரியில் இருந்த பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கின் கீழே வைத்தார். இழுத்தார். மூடிவிட்டு, காபிப்பொடி டப்பாவைத் திறந்தார். அதையும் இழுத்தார். பிறகு இரண்டையும் இருந்த இடத்தில் ஒழுங்காக வைத்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரி கீது" என்றார். "ஒண்ணும் இல்லாத மாதிரி."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அதே நொடியில் இன்னொன்றும் உறைத்தது. நான் அற்பன்தான், கேட்டுவிட்டேன். "அப்போ இத்தினி வருசமா என் சாம்பாரப் பத்திச் சொன்னது?"

"சூடா இருந்துச்சு ஏழுமல. உக்காந்து துன்ன எடம் இருந்துச்சு. அதான் நல்லா இருந்துச்சு."

அங்கேயே உட்கார்ந்து கிரண்குமாருக்குப் போன் போட்டார். "சார், மீட்டர் எத்துக்கினு வாங்க" என்றார். "ஏமைந்தி? என்ன ஆச்சு?" என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே கேட்டது. "எனக்கு மூக்கு இல்ல சார்" என்றார் வேதாச்சலம்.

கிரண்குமார் மறுநாள் காலையில் மீட்டரோடு வந்தார். நானும் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டுத் தெருவைத் தாண்டிப் போனேன். இவ்வளவு நாள் நாற்றம் அனுபவித்தவனுக்கு இதைப் பார்க்க உரிமை உண்டு. செல்போன் அளவு மஞ்சள் கருவி அது. தொட்டி வாய்க்குக் கொண்டுபோவதற்கு முன்னாலேயே, குவார்ட்டர்ஸ் வாசலிலேயே, கத்த ஆரம்பித்துவிட்டது. கிரண்குமார் அதை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். திரும்பவும் கத்தியது.

டிரம் அறைக்குப் போய்க் குமிழைப் பார்த்தார். ஏறக்குறைய மூடியே இருந்தது. "எவரு தக்கிஞ்சாரு?" என்று கேட்டார், யார் குறைத்தது என்று.

"நான்தான் சார். வாசன வரலன்னு கொஞ்சம் கொறச்சேன். அப்பவும் வரல. இன்னும் கொஞ்சம் கொறச்சேன்."

கிரண்குமார் திட்டவில்லை. அந்தக் கேஸின் குணமே அதுதான் என்று தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார். முதலில் நாற்றம் அடிக்கும். அதிலேயே இருக்க இருக்க மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். ரொம்ப ஏறினால் யாருக்குமே நாற்றம் தெரியாது, நேராக ஆளைச் சாய்த்துவிடும். "மூக்கை நம்பக்கூடாதுன்னுதான் மீட்டர். நான் போன்லயே கேட்டுக்கினு இருந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்" என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டார். அந்தப் பையனை எனக்குப் பிடித்துவிட்டது.

அப்போதுதான் தொட்டியின் மூடியைப் பார்த்தார். பெரிய கான்கிரீட் தளம், வெயில் நன்றாக விழும். அதன் நடுவில் புடவையை விரித்து கிருஷ்ணம்மா மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வருஷாவருஷம் மிளகாய், வடாம், ஊறுகாய்க்கு எலுமிச்சை எல்லாம் அங்கேதான் காயும்.

"அம்மா, கிந்தகி ரண்டி. கீழ வாங்க. ஓடாதீங்க, மெல்ல வாங்க."

கிருஷ்ணம்மா ஒன்றும் புரியாமல் இறங்கி வந்தாள். கிரண்குமார் ஓரத்தில் இருந்த திறப்பு வழியாக டார்ச் அடித்து, ஒரு நீளக் கம்பியால் மூடியின் அடிப்பக்கத்தைச் சுரண்டினார். சிமென்ட் ஈரமான கோலமாவு மாதிரி கம்பியோடு வந்தது. உள்ளே இருந்த இரும்புக் கம்பிகள் ஈர்க்குச்சியாக இளைத்துத் தொங்கின. மேலே பார்த்தால் கல் மாதிரி இருந்தது. அவள் நின்ற இடத்துக்கும் கீழே இருந்த தண்ணீருக்கும் நடுவில் அநேகமாக ஒன்றுமே இல்லை.

வேதாச்சலம் பெண்டாட்டியைப் பார்த்தார், மிளகாயைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து அந்த மெட்டியை எடுத்து கிருஷ்ணம்மாவிடம் நீட்டினார்.

"நம்ம பொண்ணு மெட்டி. தொட்டில கட்டி வெச்சிருந்தேன். ஒரு பொழுதுல இப்படி ஆயிடுச்சு. அவ ஒடம்புல ஒண்ணும் இல்ல. எல்லாம் எங்கோளாறு."

கிருஷ்ணம்மா சண்டை போடுவாள் என்று நினைத்தேன். மெட்டியைக் கழற்றினாளா என்று தலையில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் மெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்படியே கேட் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் கால்விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"இது வெள்ளி இல்ல" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"எங்கால்ல கீறது கோயில் தெருவுல வளையக் கடைல விக்குற வெள்ள மெட்டல். இங்க குடி வந்த கொஞ்ச வருசத்துல எம்மெட்டியும் இப்படித்தான் கறுத்துச்சு. தேய்ப்பேன், கறுக்கும். தேய்ப்பேன், கறுக்கும். உள்ள ஏதோ பெரிய வியாதின்னு நெனச்சேன். உங்ககிட்ட சொன்னா பயந்துடுவீங்க. நானே கழட்டி அரிசிப் பானைல போட்டுட்டு இத மாட்டிக்கினேன். புருசன் இருக்கையில மெட்டிய கழட்டுனேனேன்னு எத்தினி நாளு மனசு அடிச்சிக்கிச்சு தெரியுமா? சாவு இன்னிக்கி வருமோ நாளைக்கி வருமோன்னு படுத்து எழுந்துக்கினு இருந்தேன். அந்தப் பொண்ணு கால்ல பாத்ததும், எனுக்கு இருக்கறதே அவளுக்கும் கீதுன்னு நெனச்சேன். என்னோட போவட்டும், எம்புள்ள தலைல வேணாம்னு..."

வாய்விட்டு அழுதாள். துக்கம் பாதி, பாரம் இறங்கியது பாதி என்று எனக்குப் பட்டது. இத்தனை நாள் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று கடையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கிரண்குமார் தமிழ் முழுக்கப் புரியாமலே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாளே கிருஷ்ணம்மா நகரி பஸ் ஏறினாள். ஆடியில் சம்பந்தி வீட்டுக்குப் போகலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பிரீத்தி பின்னால் சொன்னது இவ்வளவுதான்: அத்தை வாசலில் நின்றபடியே முதலில் அவள் காலைப் பார்த்தாளாம். வலது கால் மெட்டி வெள்ளையாகவே இருந்ததாம். இடது கால் விரலில் ஒன்றுமில்லாமல் மெட்டித் தடம் மட்டும் தெரிந்ததாம். அதைப் பார்த்துத்தான் அழுதாளாம்.

அந்த மாசக் கடைசிக்குள் பழைய மூடியை உடைத்து எடுத்தார்கள். கழிவுநீரைத் தற்காலிகமாக வேறு வழியில் திருப்பிவிட்டு, புது மூடி போட்டு, அடிப்பக்கம் அமிலம் ஏறாத பூச்சு பூசினார்கள். கேஸ் வெளியேறும் குழாயில் கரி நிரப்பிய டப்பா ஒன்று வைத்தார்கள். குமிழை இனி மீட்டர் சொல்கிறபடிதான் திருப்பவேண்டும் என்று உத்தரவு. வேதாச்சலத்துக்கு ஒரு மெமோ வந்தது. வேலை போகவில்லை. மூக்கு டாக்டரிடம் காட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றாராம். குடும்பத்தைக் காம்பவுண்டுக்கு வெளியே குடிவைப்பதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறது. சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

என் கடையில் இப்போது ஆட்கள் இரண்டு கையாலும் சாப்பிடுகிறார்கள்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் பிரீத்தியைக் கூட்டிவந்தார்கள். சுரேஷ்பாபு லீவு போட்டுவிட்டு நகரிக்கே போய் அழைத்து வந்தான். அதில்தான் அவனுக்கு நான் கொடுக்க வைத்திருந்த இரண்டு அறையில் ஒன்றைக் குறைத்தேன். ஆட்டோ என் கடை வாசலில் நின்றது. பழைய மெட்டியைப் பாலில் கழுவி வைத்திருந்தாள் கிருஷ்ணம்மா. அதை அவனே குனிந்து பிரீத்தியின் இடது கால் விரலில் போட்டான். போட்டு முடித்ததும் கிருஷ்ணம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து இன்னொரு ஜோடியை எடுத்தாள். அரிசிப் பானையில் கிடந்த அவளுடைய பழைய வெள்ளி மெட்டி. நகரி தட்டானிடம் கொடுத்து வெளுத்து வாங்கியிருக்கிறாள்.

"இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க" என்றாள் புருஷனிடம். என் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

வேதாச்சலம் தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த வயசில் இதென்ன என்று முனகினார். பிரீத்தி அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். எனக்குத் தோசைக்கல்லில் அவசரமாக வேலை இருந்தது, திரும்பிக்கொண்டேன்.

இப்போதும் தினம் காலையில் வருகிறார். சாம்பாரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை. பெருங்காயம் தூக்கல் என்று பிரீத்திதான் சொல்லி அனுப்புகிறாள். நேற்று கேட்டேன், "மீட்டர் இன்னா சொல்லுது ணா?"

"இனிமேதான் போய்ப் பாக்கணும்" என்றார், இட்லியைப் பிட்டுக்கொண்டே. "கெளம்புறப்போ உங்கண்ணி காலப் பாத்துட்டு வந்தேன். வெள்ளையாத்தான் கீது."